எந்த லினக்ஸ் உங்களுக்கு?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கிடைக்கும். அதன் பிறகு விண்டோஸ் 11க்குப் போக வேண்டும். ஆனால் விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. மறைகுறியீட்டுச் சாவிகளைத் தனியாகப் பாதுகாத்து வைக்கும் டிபிஎம் 2.0 என்ற வசதியைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்கிறது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்ததே 2017இல்தான். ஆக, 2016இல் வாங்கிய மடிக்கணினி இன்றும் சொன்ன வேலையைச் செய்கிறது என்றாலும், மைக்ரோசாஃப்டின் கணக்கில் அதற்கு வயதாகிவிட்டது.

அதை எடைக்குப் போட வேண்டியதில்லை. அதில் லினக்ஸ் போன்ற திறமூல இயங்குதளம் ஒன்றை நிறுவினால் இன்னும் பல ஆண்டுகள் பாதுகாப்பாக ஓடும். காசும் செலவில்லை. சிக்கல் தொடங்குவது அடுத்த படியில். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று நூற்றுக்கணக்கில் பெயர்கள் வந்து நிற்கின்றன. எது நல்லது என்று பத்துப் பேரிடம் கேட்டால் ஏழெட்டுப் பதில்கள் கிடைக்கும். குழம்பிப்போய் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பெரும்பாலானவர்கள் திரையின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகு ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளக்கூடியது. உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு: உங்கள் வேலைக்கு எது இல்லாமல் முடியாது, உங்கள் வன்பொருள் எதை ஏற்கும், அந்த இயங்குதளத்துக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அதைப் பராமரிப்பவர்கள் யார். இந்த நான்குக்கும் விடை தெரிந்தால் நூறு பெயர்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

முதலில் இத்தனை பெயர்கள் ஏன் என்பதைப் பார்த்துவிடலாம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அதுதான் குனு திட்டம். கட்டளைக் கருவிகள், கம்பைலர் எனப் பலவும் அதில் உருவாயின. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் மையப்பகுதியான கர்னல் மட்டும் தயாராகவில்லை. 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் என்ற கர்னல் அந்த இடத்தை நிரப்பியது. 1992இல் அதையும் குனுவின் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் அவர் கொண்டுவந்தார். மாற்றியதை விநியோகித்தால் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்பதே அந்த உரிமத்தின் சாரம்.

கர்னல், குனு கருவிகள், திரைச்சூழல், மென்பொருள்களை நிறுவும் ஏற்பாடு ஆகியவற்றைச் சேர்த்துச் சோதித்து, நிறுவத் தயாராகக் கொடுப்பதையே டிஸ்ட்ரிபியூஷன் என்கிறோம், பேச்சில் டிஸ்ட்ரோ. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இன்றும் உயிரோடு இருக்கும் மிகப் பழைய டிஸ்ட்ரோக்களில் ஒன்று. டெபியனை அடித்தளமாக வைத்து 2004இல் உபுண்டு பிறந்தது. உபுண்டுவை அடித்தளமாக வைத்து 2006இல் லினக்ஸ் மின்ட் வந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவோடு வளர்வது ஃபெடோரா. ஆர்ச் 2002இல் தனியாகத் தொடங்கியது. ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியில் இருக்கும் ஸ்டீம்ஓஎஸ் ஆர்ச்சிலிருந்து வந்தது. பெயர்கள் நூறானாலும் வேர்கள் சிலதான். எல்லாவற்றிலும் ஓடுவது அதே லினக்ஸ் கர்னல். உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓடுவதும் அதுவே. உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. ஆகவே ஒரு டிஸ்ட்ரோவின் திறன் மற்றதற்கு இல்லையோ என்ற கவலை வேண்டாம். வேறுபாடு, எதை எப்போது புதுப்பிப்பது, எவ்வளவு காலம் காப்பது என்று அவர்கள் எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். கடந்த ஒரு மாதத்தில் அந்தக் கணினியில் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ரயில் முன்பதிவு, மின்கட்டணம், வங்கி வேலை, யூடியூப், பிள்ளைகளின் இணையவழி வகுப்பு என்றே பட்டியல் போனால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். இவையெல்லாம் பிரௌசரில் நடப்பவை. பயர்பாக்ஸும் குரோமும் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் ஓடும். கடிதம், கணக்குத்தாள் வேலைகளுக்கு லிப்ரே ஆபிஸ் போதும். நுணுக்கமாக வடிவமைத்த வேர்டு கோப்புகளில் பக்க அமைப்பு சற்று நகரலாம். எக்செல் மேக்ரோக்களை நம்பிக் கணக்கு வைத்திருப்பவர்கள் முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும்.

தடை வருவது தொழில் சார்ந்த சில மென்பொருள்களால். கடைக் கணக்குக்கு டேலி வைத்திருப்பவர்கள், அச்சகத்தில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் வைத்துப் பத்திரிகை அடிப்பவர்கள், போட்டோஷாப்பிலேயே பிழைப்பு நடத்தும் ஸ்டுடியோக்காரர்கள் ஆகியோரின் மென்பொருள்களுக்கு நேரடி லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஒயின் என்ற மென்பொருள் விண்டோஸ் நிரல்களின் அழைப்புகளை லினக்ஸ் அழைப்புகளாக மாற்றி ஓட்டப் பார்க்கும். சில நிரல்கள் அதில் அருமையாக ஓடும், சில பாதியில் விழும். சோறு போடும் மென்பொருளை ஒயினை நம்பி ஓட்டுங்கள் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். அவர்கள் விண்டோஸை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அதே கணினியில் லினக்ஸையும் நிறுவி, தொடங்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தும் கணக்காளர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. புதிதாக வடிவமைப்புத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு வேறு யோசனை சொல்வேன். இன்க்ஸ்கேப், கிரிட்டா, ஸ்கிரைபஸ் ஆகிய மூன்று திறமூல வடிவமைப்பு மென்பொருள்களையும் தொடக்கத்திலேயே பழகிவிடுங்கள். ஸ்கிரைபஸ் முன்பு தமிழை உடைத்துக் காட்டும். 1.5 வரிசையிலிருந்து நன்றாகவே காட்டுகிறது.

தமிழ் என்று வந்தபின் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் லினக்ஸில் தமிழ் வருமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ‘கொ’ என்ற எழுத்து யூனிகோடில் ககரமும் அதன் பின் ஒகர உயிர்க்குறியும் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அந்த ஒற்றைக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்தின் முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். சேமிப்பு வரிசை வேறு, காட்சி வரிசை வேறு. இந்த இடமாற்றத்தைச் செய்யும் நிரலுக்கு எழுத்துருவாக்கி என்று பெயர் வைக்கலாம். முன்பு ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் இதைச் செய்ததால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் கிடக்கும். இன்று ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் அந்த வேலையைச் செய்கிறது. பயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ், ஆண்ட்ராய்டு அனைத்திலும் இருப்பது அதே நிரல். கைபேசியில் தமிழ் சரியாகத் தெரிகிறது என்றால் லினக்ஸிலும் தெரியும். எழுத்துருக்களுக்கு லோஹித் தமிழும் நோட்டோ தமிழும் இருக்கின்றன.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கட்டமைப்பும் அதற்கான எம்17என் தொகுப்பும் போதும். தமிழ்99, பழைய தட்டச்சுப் பொறி அமைப்பு, ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்றும் அதில் உண்டு. அழகி, இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்களில் பழகிய விரல்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும். சில டிஸ்ட்ரோக்களில் இது முன்பே இருக்கும், சிலவற்றில் மென்பொருள் நிலையத்திலிருந்து நிறுவிக்கொள்ள வேண்டும். உண்மையான தொல்லை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளால் வருவது. அவற்றில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலமாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் போட்டுக்கொண்டால் மீண்டும் தமிழ் வந்துவிடும். ஆனாலும் நேரம் கிடைக்கும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தேடினால் கிடைக்காத, பத்தாண்டு கழித்துத் திறக்க முடியாத கோப்புகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்து வன்பொருள். இதில் பெரும்பாலும் மறக்கப்படுவது அச்சுப்பொறி. நல்ல அச்சுப்பொறிகள் போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற பக்க மொழிகளைப் புரிந்துகொள்ளும். கணினி அந்த மொழியில் பக்கத்தை விவரித்து அனுப்பினால் புள்ளிகளாக மாற்றும் வேலையை அச்சுப்பொறியே செய்துகொள்ளும். விலை குறைந்த லேசர் பொறிகளில் அந்த மூளையை எடுத்துவிட்டார்கள். எல்லாக் கணக்கையும் கணினி செய்து, அந்த நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் எங்கும் காணும் கேனான் எல்பிபி 2900 இந்த வகை. கேப்ட் என்ற தனி மொழியில் பேசுவது. லினக்ஸ் டிரைவர் வெளியானதுண்டு, ஆனால் இன்றைய டிஸ்ட்ரோக்களில் அதை ஓடவைக்கப் பாடுபட வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020இன் கதை வேறு. அதை அணைத்தால் அதன் உள்நிரல் மறைந்துவிடும். ஒவ்வொரு முறை போடும்போதும் கணினிதான் அனுப்பித் தர வேண்டும். எச்பியின் எச்ப்ளிப் மென்பொருளும் அதோடு இறக்கிக்கொள்ளும் கூடுதல் இணைப்பும் இருந்தால் அது ஒழுங்காக வேலை செய்யும். புதிதாக வாங்குபவர்கள் ஏர்பிரின்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவற்றுக்குத் தனி டிரைவரே தேவையில்லை. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் அமைப்பு நேரடியாகப் பேசிக்கொள்ளும்.

வைஃபை சில்லு அடுத்த சோதனை. இன்டெல் சில்லுகளுக்கான டிரைவர்கள் கர்னலிலேயே இருக்கின்றன. பழைய பிராட்காம் சில்லுகளுக்குத் தனி டிரைவர் தேவைப்படும். யுஎஸ்பியில் செருகும் மலிவான வைஃபை குச்சிகளில் சில ஓடும், சில ஓடாது. டெபியன் வெகுகாலம் மூடிய உள்நிரல்களைத் தன் நிறுவியில் சேர்க்காமல் கொள்கையில் உறுதியாக நின்றது. அதனால் நிறுவும்போதே வைஃபை இல்லாமல் தவித்தவர்கள் ஏராளம். 2022இல் அதன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்தக் கொள்கையைத் தளர்த்தினார்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அந்தத் தவிப்பு குறைந்துவிட்டது.

ரேம் 8 ஜிபி என்றால் எதையும் நிறுவலாம். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான திரைச்சூழலைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்கும் கீழே என்றால் இயங்குதளம் ஓடினாலும் இன்றைய இணையப் பக்கங்கள் மூச்சுத் திணறவைக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய மடிக்கணினியில், எந்த டிஸ்ட்ரோவும் தராத வேகத்தை ஓர் எஸ்எஸ்டி தரும். முதலில் அதற்குச் செலவழியுங்கள். 32 பிட் செயலி மட்டும் உள்ள மிகப் பழைய கணினி என்றால் வாய்ப்புகள் சுருங்கிவிட்டன. உபுண்டுவும் மின்ட்டும் நிறுத்திவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இலும் அதற்கான நிறுவி இல்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற சிலவே மிச்சம்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். டிஸ்ட்ரோக்கள் மென்பொருள்களை உங்களிடம் கொண்டுவரும் முறையில் இரண்டு துருவங்கள் உண்டு. ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவற்றுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. ஒரு மென்பொருளின் புதிய வடிவம் வெளியான சில நாட்களில் உங்கள் கணினிக்கு வந்துவிடும். மறுமுனையில் டெபியனின் நிலைப்பதிப்பு. அங்கே புதிய மென்பொருள் முதலில் அன்ஸ்டேபிள் என்ற கிளைக்கு வந்து, பிறகு டெஸ்டிங் கிளையில் தங்கி, சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் உறையவைத்துச் சோதித்தபின்தான் பயனரிடம் வருகிறது. பிறகு அந்தப் பதிப்பின் ஆயுள் முழுவதும் அதே எண்தான். பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வடிவத்தில் பொருத்தித் தருவார்கள். பதிப்பு எண் பழையதாக இருப்பதைப் பார்த்துப் பாதுகாப்பும் பழையது என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள்.

2024 மார்ச் மாதம் இந்த இரு முறைகளும் ஒரே சமயத்தில் சோதனைக்கு வந்தன. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது. ஊதியமின்றி ஒருவர் பராமரித்துவந்த அந்தத் திட்டத்தில் ஜியா டான் என்ற பெயரில் யாரோ ஒருவர் உதவி செய்ய வந்தார். இரண்டாண்டுக்கும் மேலாக நல்ல நிரல்களை அனுப்பி நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகவும் ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவைச் சொருகினார். தொலைவிலிருந்து சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சேவையைக் குறிவைத்த பின்கதவு அது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியன் அன்ஸ்டேபிள் ஓடும் தன் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார். மைக்ரோசாஃப்டில் பணியாற்றுபவர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களில் ஒருவர். அந்த அரை வினாடியை விடாமல் துருவிக்கொண்டு போய், மார்ச் 29 அன்று முழுச் சதியையும் உலகுக்கு அறிவித்தார்.

அன்றைய தேதியில் அந்தப் பதிப்புகள் எங்கெங்கே போய்ச் சேர்ந்திருந்தன என்று பாருங்கள். டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் ராஹைடு என்ற சோதனைக் கிளையும் வெளிவரவிருந்த 40ஆம் பதிப்பின் முன்னோட்டமும், டம்பிள்வீட், ஆர்ச். ஆர்ச்சில் எஸ்எஸ்எச் சேவை எக்ஸ்இசட்டின் நூலகத்தோடு இணைக்கப்படாததால் அங்கே பின்கதவு வேலை செய்யவில்லை. டெபியன் நிலைப்பதிப்பு, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள், மின்ட் ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்களை அது தொடவே இல்லை. மெதுவாக வருவது அவர்களைக் காத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூலநிரல் எல்லோர் முன்னும் இருந்ததால்தான் அந்த அரை வினாடியின் காரணத்தை வெளியிலிருந்த ஒருவரால் தோண்டி எடுக்க முடிந்தது.

அதற்காகப் புதுமையைத் தேடுபவர்கள் தவறு செய்கிறார்கள் என்று அர்த்தமில்லை. சென்ற மாதம் வாங்கிய மடிக்கணினியின் கிராபிக்ஸ் சில்லுக்கு டிரைவர் புதிய கர்னலில்தான் இருக்கும். நிலைப்பதிப்பில் திரை சரியாக வராமல் போகலாம். அவர்களுக்கு ஃபெடோரா பொருத்தம். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு. அதாவது ஆண்டுக்கு ஒருமுறையாவது இயங்குதளத்தை மேம்படுத்தியே ஆக வேண்டும். அந்தக் கடமையை ஏற்பவர்களுக்கு அது மிக நல்ல தேர்வு. உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான். எல்டிஎஸ் என்ற மூன்றெழுத்தைப் பார்க்காமல் இறக்கி நிறுவிவிட்டு, ஓராண்டுக்குள் புதுப்பிப்பு நின்றுவிட்டதே என்று திகைக்க நேரும். மின்ட்டின் முதன்மைப் பதிப்பு இப்போது எல்டிஎஸ் மீதே கட்டப்படுகிறது. மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு. டெபியனுக்கு எல்டிஎஸ் குழுவின் காலத்தையும் சேர்த்தால் ஐந்தாண்டு.

ஆனால் இந்த வாக்குறுதிகளைத் தருவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். சென்ட்ஓஎஸ் பல ஆண்டுகளாக உலகின் சர்வர்களில் பரவியிருந்த இலவச டிஸ்ட்ரோ. அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் ரெட் ஹேட் திடீரென்று, 2021 முடிவோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று அறிவித்தது. நம்பி நிறுவியவர்கள் சுமார் ஓராண்டுக்குள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. திறமூலம் என்பதால் ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்ற இரண்டு மாற்றுகள் விரைவில் எழுந்து அவர்களைத் தாங்கிக்கொண்டன. இன்டெல் போன்ற பெருநிறுவனம் நடத்திய கிளியர் லினக்ஸும் 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஒருவரோ இருவரோ ஆர்வத்தால் நடத்தும் அழகிய டிஸ்ட்ரோக்கள், அவர்களுக்கு நேரம் கிடைக்காமல் போன நாளில் நின்றுவிட்டதுண்டு. ஒரு நிறுவனத்தின் லாபக் கணக்கையோ ஒரு தனிமனிதரின் ஓய்வு நேரத்தையோ நம்பாமல், ஆயிரம் பேருக்கு மேற்பட்ட தன்னார்வலர்களும் எழுதிவைத்த விதிகளும் தேர்தலும் கொண்டு முப்பதாண்டுக்கும் மேல் நடந்துவரும் டெபியன் மீது எனக்கு இருக்கும் மரியாதைக்கு இதுவே காரணம்.

பராமரிப்பு மட்டும் போதாது, சொல்லித்தர ஆள் வேண்டும். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. இந்திய மொழிகளுக்கான ஆதரவோடு வந்த நல்ல முயற்சி. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கணினி கைக்கு வந்தது, இயங்குதளமும் வந்தது, ஆனால் அதை வைத்துப் பாடம் நடத்தும் ஏற்பாடு பரவலாக வரவில்லை. கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டமும் அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும் ஆசிரியர் பயிற்சி, பாடநூல், செய்முறைத் தேர்வு எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருளிலேயே அமைத்தன. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் என்றால் கணினி, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் நண்பரோ தம்பியோ அலுவலகத் தோழியோ எதைப் பயன்படுத்துகிறார் என்பதும் கணக்கில் வரட்டும். இரவு ஒன்பது மணிக்குச் சந்தேகம் வந்தால் அழைத்துக் கேட்க ஒருவர் இருப்பது, எந்தத் தொழில்நுட்பச் சிறப்பையும்விடப் பெரிது. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே விளக்குவார்கள்.

லினக்ஸ் அல்லாத திறமூல இயங்குதளங்களும் உண்டு. 1993இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டி அவற்றில் முதன்மையானது. நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களை உலகெங்கும் அனுப்பும் சர்வர்களில் அதையே பயன்படுத்துகிறது. நாம் எங்கும் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓப்பன்பிஎஸ்டி குழுவின் கொடை. சர்வர் நிர்வாகம் கற்பவர்கள் இவற்றில் ஒன்றை ஒருமுறையேனும் நிறுவிப் பார்க்க வேண்டும். வீட்டு மடிக்கணினிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். வைஃபை, கிராபிக்ஸ் ஆதரவில் லினக்ஸ் அளவுக்கு அவை வரவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், விண்டோஸிலிருந்து முதன்முறை வருபவர் எவருக்கும் லினக்ஸ் மின்ட். தொடக்கப் பட்டியும் பணிப்பட்டையும் பழகிய இடத்தில் இருக்கும். 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன் திரைச்சூழல் கொண்ட பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஒருமுறை நிறுவிவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட வேண்டிய கடைக் கணினி, நூலகக் கணினி, சிறிய சர்வர் என்றால் டெபியன். புத்தம்புதிய வன்பொருள் வைத்திருக்கும் நிரலாளர் என்றால் ஃபெடோரா. உள்ளே என்ன நடக்கிறது என்று அறியத் துடிக்கும் கல்லூரி மாணவர், உடைந்தால் தானே சரிசெய்யும் பொறுமை இருந்தால், ஆர்ச்சை நிறுவட்டும். அதன் ஆவணங்களைப் படிப்பதே ஒரு படிப்பு. ஆனால் அம்மாவின் கணினியில் ஆர்ச்சைப் போடாதீர்கள்.

முடிவெடுக்கும் முன் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. டிஸ்ட்ரோவின் லைவ் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, வென்டாய் அல்லது ரூஃபஸ் என்ற கருவி கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாமலே முழு இயங்குதளமும் ஓடும். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, மடித்துத் திறந்தால் விழிக்கிறதா, உங்கள் அச்சுப்பொறி அச்சிடுகிறதா என்று அங்கேயே பாருங்கள். இறக்கிய கோப்பு அசலா என்பதையும் சரிபாருங்கள். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் திட்டத்தின் இணையதளத்தை உடைத்து நுழைந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றிப் பின்கதவு வைத்த கோப்பைக் கொடுத்தார்கள். ஷா256 என்ற கணக்கீடு, கோப்பில் ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறான எண்ணைத் தரும். அந்த எண்ணையும் அதன் மேலுள்ள டிஜிட்டல் கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழியை மின்ட், டெபியன் இரண்டும் தங்கள் ஆவணங்களில் விளக்கியிருக்கின்றன. ஐந்து நிமிட வேலை, சோம்பல் வேண்டாம். விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்தபின்தான் நிறுவும் பொத்தானை அழுத்த வேண்டும்.

மாறியவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இயங்குதளங்களில் நீங்கள் காணும் தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒரு தன்னார்வலர் ஊதியமின்றி மொழிபெயர்த்தது. பல பட்டியல்கள் பாதியில் ஆங்கிலமாகக் கிடக்கின்றன, சில சொற்கள் பொருந்தாமல் இருக்கின்றன. லிப்ரே ஆபிஸின் மொழிபெயர்ப்பு வெப்லேட்டிலும், உபுண்டுவின் மொழிபெயர்ப்பு லாஞ்ச்பேடிலும் நடக்கிறது. கணக்குத் தொடங்கினால் யாரும் திருத்தம் முன்வைக்கலாம். பிழையான சொல்லைக் கண்டால் முகம் சுளித்துவிட்டுப் போகாமல், உள்ளே சென்று சரியான சொல்லை எழுதிவிட்டு வாருங்கள்.